பாப்பாவின் பல் சொத்தைக்கு எந்த மரபணு காரணம்? எச்சில் டிஎன்ஏ பரிசோதனை பற்றி ஒரு கேள்வி

பாப்பாஅம்மா

வணக்கம். மகளுக்கு இரண்டரை வயது. மேல் முன்பற்கள் நான்கிலும் ஈறை ஒட்டி மங்கலான வெள்ளைக் கோடு தெரிகிறது. பல் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே, வீட்டில் ஒருவர் ஆர்வக்கோளாறில் ஒரு தனியார் ஆய்வகத்தில் எச்சில் கொடுத்து டிஎன்ஏ பரிசோதனை எடுத்துவிட்டார். முடிவில் இருந்தது இரண்டே வரி. "ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ்: அதிகம்." அடுத்து, "பெரும்பாலும் தாயிடமிருந்து தொற்றுவது." முதல் வரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. இரண்டாவது வரியை வீடே மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

நிஜமாகவே என்னிடமிருந்துதான் வந்ததா? இந்தக் கிருமியின் மரபணுவில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒழித்துக்கட்ட வழி உண்டா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெட்ரிதட்டு

நுண்ணுயிரியல் என் துறை, பல் மருத்துவன் அல்ல. அதனால் கிருமியின் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

மியூட்டன்ஸை லண்டனில் கிளார்க் என்பவர் 1924-லேயே சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்துவிட்டார். அதன் முழு மரபணுத்தொகுதி வெளியானது 2002-ல், ஓக்லஹோமா பல்கலைக்கழகக் குழு மூலம். படித்த திரிபின் (ஒரே கிருமிக்குள் இருக்கும் உள்வகை) பெயர் யுஏ159, சொத்தை இருந்த ஒரு குழந்தையின் வாயிலிருந்து எடுத்தது. மொத்தம் சுமார் 20 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள், 1,960-ஐ ஒட்டிய மரபணுக்கள். சின்னக் கிருமிதான். ஆனால் அந்தத் தொகுதியில் கணிசமான பங்கு விதவிதமான சர்க்கரைகளை உள்ளே இழுப்பதற்கும் உடைப்பதற்கும் ஒதுக்கப்பட்டிருக்கிறது.

அதில் மூன்று மரபணுக்களைத் தெரிந்துகொண்டால் பாதிக் கதை புரிந்துவிடும். ஜிடிஎஃப்-பி, ஜிடிஎஃப்-சி, ஜிடிஎஃப்-டி. இவை உருவாக்கும் நொதிகள் கிருமிக்கு வெளியே வந்து பல் மேல் ஒட்டிக்கொள்ளும். சுக்ரோஸ், அதாவது நாம் தினமும் பயன்படுத்தும் வெள்ளைச் சர்க்கரை, அந்தப் பக்கம் வந்தால் அதை வெட்டி, குளுக்கோஸை நீளமாகக் கோத்துக் குளுக்கான் என்ற பிசினை உண்டாக்கும். டி செய்வது தண்ணீரில் கரையும். பி செய்வது கரையாது. சி இரண்டும் கலந்து செய்யும். செங்கல்லுக்கு நடுவே பூசும் சாந்து மாதிரி இந்தக் கரையாத பிசின்தான் கிருமிகளைப் பல்லோடும் ஒன்றோடொன்றும் பிணைக்கிறது. உமிழ்நீர் உள்ளே புகுந்து அமிலத்தைக் கழுவிவிட முடிவதில்லை.

கவனியுங்கள், இந்த நொதிகளுக்குச் சுக்ரோஸ்தான் வேண்டும். வெறும் குளுக்கோஸைக் கொடுத்தால் கிருமி தின்னும், அமிலமும் விடும், பிசின் மட்டும் வராது.

பால்பல்

குழந்தைகள் பல் மருத்துவம் பார்க்கிறேன். பெட்ரிதட்டு சொன்னது அத்தனையும் சரி. ஆனால் பாப்பாஅம்மா, உங்கள் கையில் இருப்பதில் முக்கியமானது பரிசோதனைத் தாள் அல்ல, அந்த வெள்ளைக் கோடு. எனாமலிலிருந்து தாதுக்கள் கரைந்து வெளியேறத் தொடங்கியதற்கான முதல் அடையாளம் அது. குழி விழாத வரை திருப்ப முடியும். மங்கலாகவும் சொரசொரப்பாகவும் இருந்தால் இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வழுவழுப்பாகப் பளபளத்தால் நின்றுவிட்டது.

கீழ் முன்பற்கள் நன்றாக இருக்கின்றனவா? இருக்கும் என்று நினைக்கிறேன். நாக்கும் கீழ்வாய் உமிழ்நீர்ச் சுரப்பியும் அவற்றைக் காப்பாற்றும். மேல் பற்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒரே வாய், ஒரே கிருமி, ஒரே மரபணு. ஆனாலும் மேலே சொத்தை, கீழே இல்லை. இதைப் பார்த்த பிறகும் எல்லாப் பழியையும் கிருமியின் மரபணு மேல் போட எனக்கு மனம் வருவதில்லை.

பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லில் இருப்பதைவிட மெல்லியது, அதனால் ஆரம்பித்தால் வேகமாக உள்ளே இறங்கும். இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

சந்தேகப்பிராணி

டாக்டர் பாதி சொல்லிவிட்டார், மீதியை நான் கேட்கிறேன். சொத்தையே இல்லாத குழந்தைகளின் வாயிலும் மியூட்டன்ஸ் இருக்கிறது. சொத்தை இருக்கும் சில குழந்தைகளின் வாயில் தேடினாலும் கிடைப்பதில்லை. அப்புறம் எப்படி அதைக் குற்றவாளி என்கிறீர்கள்? மூன்று மரபணுக்களைக் காட்டி வழக்கை முடித்துவிடலாமா?

பெட்ரிதட்டு

//எப்படி அதைக் குற்றவாளி என்கிறீர்கள்?//

நியாயமான கேள்வி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பழைய சாட்சியம் வலுவானது. 1960-ல் கீஸ், ஃபிட்ஸ்ஜெரால்ட் இருவரும் வெள்ளெலிகளில் சொத்தை ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும் என்று காட்டினார்கள். ஸ்ட்ரெப்டோமைசின் மருந்துக்கு மசியாத திரிபை எலியின் வாயில் விட்டு, பிறகு அதே அடையாளத்தோடு அதைத் திரும்பப் பிடித்தார்கள். அதாவது கிருமியின் ஒரு மரபுப் பண்பையே அடையாள முத்திரையாகப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் ஜிடிஎஃப்-பி, ஜிடிஎஃப்-சி மரபணுக்களைச் சிதைத்த திரிபுகளை விலங்குகளில் விட்டபோது, வழவழப்பான பல் பரப்பில் சொத்தை வெகுவாகக் குறைந்தது. ஆகவே அந்த மரபணுக்களுக்குப் பங்கு இருக்கிறது, சந்தேகமில்லை.

அடுத்தது அமிலம். எனாமல் கரையத் தொடங்குவது பிஹெச் 5.5-ஐ ஒட்டி (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). வாயில் இருக்கும் நல்ல கிருமிகள் பல அந்த அளவிலேயே சோர்ந்துவிடும். மியூட்டன்ஸ் 4-ஐ நெருங்கும்போதும் சர்க்கரையைத் தின்று அமிலம் விட்டுக்கொண்டே இருக்கும். உள்ளே புகுந்த புரோட்டான்களை, அதாவது அமிலத் துகள்களை, வெளியே இறைக்கும் ஒரு பம்பு அதன் சவ்வில் இருக்கிறது. அமிலம் ஏற ஏற சவ்வின் கொழுப்பு அமிலங்களையே மாற்றிக்கொள்ள ஃபேப்-எம் என்ற மரபணு உதவுகிறது. சர்க்கரை அதிகம் வந்த நேரத்தில் மிச்சத்தை உள்ளே சேமித்து வைத்துக்கொள்ளும். குழந்தை தூங்கும்போது, உமிழ்நீர் குறைந்த நேரத்தில், அந்தச் சேமிப்பை எடுத்து அமிலமாக்கும். ராத்திரிப் பால்புட்டியை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் சந்தேகப்பிராணி சொல்வதிலும் உண்மை இருக்கிறது. 2011-ல் டேனர் குழுவினர் கடுமையான சொத்தை உள்ள குழந்தைகளிடம் ஸ்கார்டோவியா விக்சியே என்ற இன்னொரு கிருமியைக் கண்டார்கள், மியூட்டன்ஸ் கிடைக்காத வாய்களிலும்கூட. 2023-ல் வந்த ஆய்வு இன்னும் சுவாரசியம். வட கரோலினாவில் 3 முதல் 5 வயது வரையான 300 குழந்தைகளின் பற்படலத்தை எடுத்து, எந்தக் கிருமி இருக்கிறது என்பதோடு, எந்த மரபணுக்கள் அப்போது வேலை செய்துகொண்டிருக்கின்றன என்றும் பார்த்தார்கள். செலினோமோனாஸ் ஸ்புடிஜெனா முன்னால் வந்து நின்றது. ஈறு நோயோடு தொடர்புபடுத்தி மட்டுமே அதுவரை பேசப்பட்ட கிருமி அது. தனியாக விட்டால் பல்லில் சரியாக ஒட்டக்கூடத் தெரியாது. வாலை ஆட்டிக்கொண்டு நீந்தி வந்து, மியூட்டன்ஸ் கட்டிய பிசினில் சிக்கி, அங்கேயே பெருகி, மியூட்டன்ஸைச் சுற்றித் தேன்கூட்டு வடிவில் அறைகள் எழுப்புகிறது. உள்ளே அமிலம் இன்னும் அடர்த்தியாகிறது. எலிகளில் இரண்டையும் சேர்த்து விட்டபோது சொத்தை அதிகமானது.

கேண்டிடா என்ற பூஞ்சையும் இதே கூட்டணியில் உண்டு. மியூட்டன்ஸின் ஜிடிஎஃப்-பி நொதி பூஞ்சையின் மேல் போய் ஒட்டிக்கொண்டு அங்கேயே பிசின் செய்யும். அதனால் "எந்தக் கிருமி" என்பதைவிட "யாரோடு சேர்ந்து, எதைத் தின்றுகொண்டு" என்று கேட்பதுதான் சரி.

சந்தேகப்பிராணி

சரி, ஒப்புக்கொள்கிறேன். தனி ஆள் அல்ல, கும்பல். ஆனால் ஆய்வகத் தாளில் கும்பலைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே?

பெட்ரிதட்டு

இருக்காது. இந்த மாதிரிப் பரிசோதனைகளில் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணுத் துண்டைத் தேடி, எவ்வளவு கிடைக்கிறது என்று எண்ணுவார்கள். மியூட்டன்ஸ் இருக்கிறதா என்று தெரியும். எந்தத் திரிபு என்று தெரியாது. அந்தத் திரிபுகளுக்குள் இருக்கும் வேறுபாடு கொஞ்சநஞ்சமல்ல. 2013-ல் 57 திரிபுகளின் முழு மரபணுத்தொகுதியை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாத் திரிபிலும் இருக்கும் பொது மரபணுக்கள் ஒரு பக்கம், சிலவற்றில் மட்டும் இருப்பவை பெருங்கூட்டமாக இன்னொரு பக்கம். சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன், மனிதர்கள் விவசாயத்துக்கு மாறிய காலத்தை ஒட்டி, இந்தக் கிருமியின் எண்ணிக்கை பெருகத் தொடங்கியது என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. மாவுச்சத்து நம் தட்டுக்கு வந்த கதை அதன் டிஎன்ஏ-விலும் பதிந்திருக்கிறது.

இன்னொன்று, இவை மரபணுவைத் திருடும். கூட்டம் அதிகமானதும் ஒரு சிறு புரதத் துணுக்கை வெளியே விட்டு ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும். அந்தச் சேதி எட்டியதும் இரண்டு வேலை நடக்கும். மியூட்டாசின் என்ற விஷத்தை விட்டு பக்கத்துக் கிருமிகளைக் கொல்லும். செத்த கிருமியிலிருந்து சிந்தும் டிஎன்ஏ-வை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆகவே "மியூட்டன்ஸ்: அதிகம்" என்ற தாளை வைத்து அந்தக் கிருமி சாதுவா முரடா என்று சொல்வதற்கில்லை.

மாணவி

முதுநிலை படிக்கிறேன். திரிபு பற்றி ஒரு சின்னச் சேர்க்கை. சி, இ, எஃப், கே என்று நான்கு வகையாகப் பிரிப்பார்கள், பெரும்பாலானவர்களிடம் இருப்பது சி வகை. 10 முதல் 20 விழுக்காடு திரிபுகளில் சிஎன்எம் என்ற மரபணு இருக்கும். அது கொலாஜன் என்ற நார்ப்புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் புரதத்தைச் செய்கிறது. பல்லின் உள்ளடுக்கான டென்டினில் கொலாஜன் இருப்பதால் பலரும் இதைக் கவனித்து வருகிறார்கள்.

பாப்பாஅம்மா

எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, நன்றி. கீழ்ப் பற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன டாக்டர். புதன்கிழமைக்கு முன்பதிவு செய்துவிட்டேன். ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என்னிடமிருந்து வந்ததா, இல்லையா?

மாணவி

நான் சொல்கிறேன் அக்கா. 1993-ல் அலபாமாவில் காஃபீல்ட் குழுவினர் குழந்தைகளைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து பார்த்தார்கள். மியூட்டன்ஸ் முதலில் தென்பட்டது பெரும்பாலும் 19-லிருந்து 31 மாதத்துக்குள், இடைநிலை (மீடியன்) 26 மாதம். பிறகு தாயின் கிருமிக்கும் குழந்தையின் கிருமிக்கும் டிஎன்ஏ கைரேகை எடுத்து ஒப்பிட்டார்கள். பெரும்பாலான ஜோடிகளில் பொருந்தியது. உங்கள் தாளில் உள்ள அந்த இரண்டாவது வரிக்கு வேர் இங்கேதான்.

ஆனால் அதற்குப் பிறகு படம் மாறிவிட்டது. பல் முளைக்காத குழந்தைகளின் நாக்கிலும் அதைக் கண்டிருக்கிறார்கள், அதனால் அந்த 19 மாதக் கணக்கு அவ்வளவு கறாரானதல்ல. குடும்பத்தில் எல்லோரிடமும் மாதிரி எடுத்த ஆய்வுகளில், தாயோடு ஒரு திரிபுகூடப் பொருந்தாத குழந்தைகள் நிறையப் பேர். அண்ணன், அக்கா, கூட விளையாடும் பிள்ளைகள் என்று பல வழிகளில் வருகிறது. ஒரு குழந்தையின் வாயிலேயே இரண்டு மூன்று திரிபுகள் இருப்பதும் சகஜம்.

உங்கள் விஷயத்தில் உங்கள் எச்சிலை யாரும் பரிசோதிக்கவே இல்லையே! உங்கள் கிருமியையும் பாப்பாவின் கிருமியையும் வளர்த்து, இரண்டின் டிஎன்ஏ-வையும் ஒப்பிடாமல் அந்த வரியை எழுத முடியாது. அது முடிவு அல்ல, அச்சடித்து வைத்த பொதுவாசகம். வீட்டில் அப்படியே படித்துக் காட்டுங்கள்.

இரட்டையர்அப்பா

எங்கள் வீட்டில் இரட்டைப் பையன்கள், ஒரே கருவில் பிறந்தவர்கள். ஒருவனுக்கு நான்கு கடைவாய்ப் பற்களில் சொத்தை, மற்றவனுக்கு ஒன்றுகூட இல்லை. "பல் எங்கள் பரம்பரையே மோசம்" என்று சொல்பவர்களுக்கு இவர்களைத்தான் காட்டுகிறேன். இதில் ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா?

மாணவி

நடந்திருக்கிறது. 2017-ல் 5 முதல் 11 வயது வரையான 485 இரட்டையர் ஜோடிகளின் பற்படலத்தை எடுத்து, ஒரே கரு இரட்டையர், இரு கரு இரட்டையர் என்று பிரித்து ஒப்பிட்டார்கள். வாய்க் கிருமிகளில் சில, பெற்றோரிடமிருந்து வந்த மனித மரபணுக்களைப் பொறுத்து அமைவது உண்மைதான். ஆனால் அப்படி அமையும் கிருமிகள் சொத்தையோடு தொடர்புடையவை அல்ல. சொத்தையோடு சேர்ந்து வருபவை சூழலைப் பொறுத்தவை. சர்க்கரை அதிகம் தின்னும் குழந்தைகளிடமும், வயது ஏறியவர்களிடமும், பரம்பரையால் அமைந்த கிருமிகள் குறைந்துபோகின்றன.

எனாமல் உருவாவதற்கான மரபணுக்களிலும் இனிப்புச் சுவையை உணரும் மரபணுக்களிலும் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, அதை மறுக்கவில்லை. உங்கள் பையன்களுக்கு அதெல்லாம் ஒன்றுதான். அப்படியானால் யார் அடிக்கடி நொறுக்குத் தீனி தின்கிறான், யார் பல் தேய்க்கும்போது ஓடிப்போகிறான் என்றுதான் பார்க்க வேண்டும்.

இரட்டையர்அப்பா

ஓடிப்போகிறவன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

சந்தேகப்பிராணி

மரபணுவை மாற்றி, அமிலம் விடாத மியூட்டன்ஸ் செய்துவிட்டதாகப் படித்தேன். ஒருமுறை பல்லில் தடவினால் போதுமாம், வாழ்நாள் முழுக்கச் சொத்தையே வராதாம். அது நிஜமென்றால் இந்த இழையே தேவையில்லையே?

பெட்ரிதட்டு

யோசனை அழகானது, அதில் சந்தேகமில்லை. ஃபுளோரிடாவில் ஜெஃப்ரி ஹில்மன் செய்தது. முதலில், வீரியமான மியூட்டாசின் விடும் ஓர் இயற்கைத் திரிபைப் பிடித்தார், மற்ற மியூட்டன்ஸை அடித்து விரட்டி இடம்பிடிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பிறகு அதில் லாக்டிக் அமிலம் செய்யும் மரபணுவை நீக்கினார். அந்த மரபணு இல்லாமல் கிருமி பிழைக்காது, அதனால் ஸைமோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகினார். விளைவு, சர்க்கரையைத் தின்று அமிலத்துக்குப் பதில் துளியளவு ஆல்கஹால் விடும் கிருமி. எலிகளில் சொத்தை குறைந்ததாக 2000-ல் கட்டுரை வந்தது.

அதற்குப் பிறகு மனிதர்களிடம் சொத்தையைக் குறைக்கிறதா என்று பெரிய அளவில் சோதித்து முடித்த ஆய்வு இல்லை. அண்மையில் இதிலிருந்து வந்த ஒரு பொருளை அமெரிக்காவில் விற்கத் தொடங்கினார்கள், அதுவும் மருந்து என்ற பெயரில் அல்ல. ஒரு முறை குடியேறினால் திரும்ப எடுப்பது எளிதல்ல, முத்தம் கொடுத்தால் அடுத்தவருக்கும் போகலாம். மேலே நான் சொன்ன மரபணுத் திருட்டையும் மறக்க வேண்டாம். என் சொந்தக் கருத்து: பெரியவர்கள் அவரவர் இஷ்டம், குழந்தைகள் வாயில் இப்போதைக்கு நினைத்துக்கூடப் பார்க்கக் கூடாது. தவிர, செலினோமோனாஸும் ஸ்கார்டோவியாவும் விடும் அமிலத்தை இது நிறுத்தாது.

நிர்வாகி

விற்பனைப் பொருள்களின் இணைப்புகளை யாரும் இங்கே இட வேண்டாம். இரண்டு பின்னூட்டங்களை நீக்கியிருக்கிறேன். விவாதம் தொடரட்டும்.

பாப்பாஅம்மா

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தோம். கோடு மங்கலாகத்தான் இருக்கிறது, குழி இல்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசினார். அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை, காலையிலும் இரவிலும். இரவில் பல் தேய்த்த பிறகு தண்ணீர் தவிர எதுவும் கூடாது. மரபணுத் தாளை எடுத்து நீட்டினேன், பார்த்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆய்வகத்திலிருந்து ஆறு மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொல்லி இப்போதே குறுஞ்செய்தி வருகிறது.

பால்பல்

சரியான சிகிச்சை. ஃபுளோரைடு பல்லை மட்டும் உறுதியாக்குவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். கிருமியின் சர்க்கரைச் செரிமானத்தில் வரும் ஈனோலேஸ் என்ற நொதியையும், பெட்ரிதட்டு சொன்ன அந்த அமில பம்பையும் அது தடுக்கிறது. எந்தத் திரிபாக இருந்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் காலம் தள்ள முடியாது. அதனால்தான் திரிபு தெரியாமலே சிகிச்சை கொடுக்கிறோம்.

மறுபரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். எண்ணிக்கை கூடினாலும் குறைந்தாலும் நாங்கள் செய்யப்போவது ஒன்றுதான்.

நிறைமாதம்

நீண்ட நாள் வாசகி, முதல் முறை எழுதுகிறேன். எனக்கு அடுத்த மாதம் பிரசவம். எனக்கே இரண்டு சொத்தைப் பல் இருக்கிறது. பிறக்கப்போகும் குழந்தைக்குப் போகாமல் தடுக்க முடியுமா? முத்தம் கொடுக்காமல், தனி ஸ்பூன் வைத்து என்றெல்லாம் சொல்கிறார்கள்.

பால்பல்

தாராளமாக முத்தம் கொடுங்கள் அம்மா. கிருமியை வாசலிலேயே நிறுத்திவிட முடியாது. எந்த அளவில் போகிறது, போனபின் அதற்கு எவ்வளவு சர்க்கரை கிடைக்கிறது என்பதில்தான் நம் கை இருக்கிறது. முதல் வேலையாக உங்கள் இரண்டு சொத்தையையும் அடைத்துவிடுங்கள். இப்போது நாற்காலியில் நீண்ட நேரம் சாய்ந்திருப்பது சிரமமாக இருந்தால் பிரசவத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வலியோ வீக்கமோ இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

பின்லாந்தில் ஒரு நல்ல ஆய்வு உண்டு. மியூட்டன்ஸ் அதிகம் இருந்த தாய்மார்களில் ஒரு பகுதியினர், பிரசவமாகி மூன்று மாதத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயதாகும் வரை, தினமும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சூயிங்கம் மென்றார்கள். இரண்டு வயதில் அவர்களின் குழந்தைகளில் 9.7 விழுக்காட்டினரிடம்தான் மியூட்டன்ஸ் இருந்தது. தாய்க்கு ஃபுளோரைடு வார்னிஷ் மட்டும் பூசிய பிரிவில் அது 48.5 விழுக்காடு. மென்றது தாய்தான், குழந்தை அல்ல. குழந்தைக்குச் சூயிங்கம் கொடுத்துவிடாதீர்கள்.

சந்தேகப்பிராணி

அந்தக் கிருமி சைலிட்டாலுக்கும் பழகிவிடாதா? இவ்வளவு திருட்டுத்தனம் தெரிந்தது.

பெட்ரிதட்டு

பழகும். சைலிட்டாலை ஃபுரக்டோஸ் (பழச்சர்க்கரை) என்று நினைத்து உள்ளே இழுக்கும், உடைக்க முடியாது, திரும்பத் துப்ப வேண்டும், அதற்கே சக்தி வீணாகும். நீண்ட நாள் மெல்பவர்களிடம், அந்த ஃபுரக்டோஸ் வாசலையே இழந்த திரிபுகள் தலைதூக்குகின்றன. ஆனால் அவை பல்லில் ஒட்டுவதிலும் பரவுவதிலும் கொஞ்சம் மந்தம் என்று கருதுகிறார்கள். பின்லாந்துத் தாய்மார்களிடமிருந்து குழந்தைகளுக்குக் குறைவாகப் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நிறைமாதம்

நன்றி. பல்லை அடைக்க நாளைக்கே போகிறேன்.